பூட்டிய ஏடுகள்

2007ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜொகூர் பாரு நகருக்கு இரண்டு நாய்கள் அழைத்துவரப்பட்டன. லக்கி, ஃபுளோ என்பன அவற்றின் பெயர்கள். லாப்ரடார் இனத்தைச் சேர்ந்த அக்கரிய நாய்கள் போதைப்பொருளையோ வெடிமருந்தையோ மோந்து கண்டறியப் பழக்கப்பட்டவை அல்ல. திரைப்படங்களும் விளையாட்டுகளும் பதியப்படும் ஒளிவட்டுகளின் மூலப்பொருளான பாலிகார்பனேட்டின் மணத்தை அறிந்து சொல்லவே அவை பயிற்றப்பட்டிருந்தன. அமெரிக்கத் திரைப்படத் தொழிலாரின் சங்கம் அவற்றை மலேசிய அதிகாரிகளுக்குத் துணையாக அனுப்பியிருந்தது. ஜொகூர் பாருவில் ஓர் அலுவலகக் கட்டடம் சோதனையிடப்பட்டபோது, அந்நாய்களின் உதவியால் ஏறக்குறைய 10 லட்சம் வட்டுகள் பிடிபட்டன. கள்ள வட்டு வணிகர்கள் அவ்விரு நாய்களின் தலைக்கு விலை வைத்துள்ளனர் என்ற செய்தியும் விரைவில் நாளேடுகளில் வெளிவந்தது.

நாய்களின் திறமையை உலகம் வியந்தது. ஆயினும் அவற்றிடம் ஒரு குறை இருந்தது. எல்லா வட்டுகளும் ஒரே பொருளால் ஆனவை. எனவே அசல் வட்டையும் நகல் வட்டையும் மணத்தால் வேறு பிரித்தறிய அவற்றால் இயலாது. வட்டு இருக்குமிடத்தைக் காட்டுவதோடு அவற்றின் பணி முடிந்துவிடும். எது முறையானது, எது களவு என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு மனிதனுடையதாகவே இருந்தது.

இச்சிறு செய்தி, கையடக்க விளையாட்டுக் கருவிகளின் வரலாறு முழுவதற்கும் பொருந்துவதாகும். கருவியைச் செய்தவர் அதற்குப் பூட்டிட்டார். வாங்கியவருள் சிலர் அப்பூட்டைத் திறந்தனர். திறந்தவருள் திருடரும் இருந்தனர், காவலரும் இருந்தனர். அவ்விருவரையும் பிரித்தறியும் ஆற்றல் பூட்டுக்கு இல்லை. மாணவர் பலர் நாள்தோறும் கையில் ஏந்தும் ஒரு பொருளின் பின்னால் இத்தகைய வழக்கு ஒன்று நாற்பது ஆண்டுகளாக நடந்துவருகிறது. படியெடுப்போரால் உயிர் பிழைத்த இலக்கியத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியர்களும், அதைக் கற்கும் மாணவர்களும் இவ்வழக்கை அறிந்துகொள்வது நன்று.

கைக்குள் வந்த கருவி

கையில் வைத்து விளையாடும் மின்னணுக் கருவிகளுள் உலகப் புகழ் பெற்ற தொடக்கம், ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1980ஆம் ஆண்டு ஏப்ரல் 28இல் வெளியிட்ட 'கேம் அண்ட் வாட்ச்' என்பதாகும். குன்பெய் யோகோய் என்னும் பொறியாளர் அதை உருவாக்கினார். அதில் ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டே உண்டு. வேறு விளையாட்டு வேண்டுமெனில் வேறு கருவிதான் வாங்க வேண்டும். அதற்குப் பூட்டும் தேவைப்படவில்லை, திறவுகோலும் தேவைப்படவில்லை.

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 21இல் அதே நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கருவியை வெளியிட்டது. நான்கு சிறு மின்கலங்களில் இயங்கிய அக்கருவியில் விளையாட்டுகள் தனித்தனிப் பேழைகளாக வந்தன. ஒரு பேழையைக் கழற்றி மற்றொன்றைச் செருகினால் வேறொரு விளையாட்டு திரையில் தோன்றும். அதன் வண்ணத்திரை வகையையும் சேர்த்து உலகெங்கும் ஏறக்குறைய 11 கோடியே 80 லட்சம் கருவிகள் விற்றன.

விளையாட்டு வேறு, கருவி வேறு என்றான அக்கணத்திலேயே பூட்டும் பிறந்தது. பிறர் செய்யும் பேழைகள் தன் கருவியில் ஓடாதிருக்க நிண்டெண்டோ ஓர் உத்தியைக் கையாண்டது. கருவி உயிர்பெற்றதும், செருகப்பட்ட பேழையில் நிண்டெண்டோவின் பெயர்ச்சின்னம் உள்ளதா என்று பார்க்கும். இல்லையெனில் விளையாட்டு தொடங்காது. சின்னத்தைப் பதித்தால் வணிகச் சின்னச் சட்டத்தை மீறியவராவர். பதிக்காவிட்டால் பேழை ஓடாது. எளிய பூட்டுதான், ஆனால் வணிகனின் கூர்மதி அதில் தெரிகிறது. ஆயினும், ஒரே பேழையில் பல விளையாட்டுகளை அடைத்த நகல்கள் ஆசியக் கடைத்தெருக்களில் மலிந்ததை அப்பூட்டு தடுக்கவில்லை.

பூட்டும் திறவுகோலும்

இவ்வரலாற்றின் நடுப்பகுதி சோனி நிறுவனத்தின் 'பிளேஸ்டேஷன் போர்ட்டபிள்' என்னும் கருவியோடு தொடங்குகிறது. பி.எஸ்.பி. என்று இளைஞர் சுருக்கி அழைத்த இக்கருவி 2004ஆம் ஆண்டு டிசம்பர் 12இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. இதன் விளையாட்டுகள் சிறு ஒளிவட்டுகளில் வந்தன. கூடவே, படங்களையும் பாடல்களையும் சேமித்து வைக்க ஒரு நினைவட்டையும் இதில் செருகலாம்.

ஈண்டு ஒரு கலைச்சொல்லை விளக்குவது நலம். கருவி எவ்வாறு இயங்க வேண்டும், எதை ஏற்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்னும் அடிப்படை ஆணைகளின் தொகுதி ஒன்று கருவிக்குள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும். இதனை 'ஃபேர்ம்வேர்' என்பர். நிலைப்பொருள் என்பது தமிழில் வழங்கும் சொல். நிறுவனம் தந்த நிலைப்பொருளை மாற்றி, அதன் தடைகளை நீக்கி, வெளியார் எழுதி அமைக்கும் நிலைப்பொருளே 'கஸ்டம் ஃபேர்ம்வேர்' எனப்படும் மாற்று நிலைப்பொருள்.

பி.எஸ்.பி.யின் முதல் நிலைப்பொருள், சோனியின் கையொப்பம் பெறாத நிரல்களையும் ஏற்று இயக்கியது. 2005ஆம் ஆண்டின் நடுவிலேயே ஆர்வலர் சிலர் தாமே எழுதிய சிறு நிரல்களை அதில் ஓட்டிக் காட்டினர். சோனி விழித்துக்கொண்டது, அடுத்தடுத்துப் புதிய நிலைப்பொருள்களை வெளியிட்டது. அவ்வாறு வெளியிட்டபோது வெறும் பூட்டை மட்டும் தரவில்லை. கூடவே ஒரு பரிசையும் வைத்தது. 2005இல் வந்த இரண்டாம் பதிப்பு, இணையப் பக்கங்களைப் பார்க்கும் வசதியைத் தந்தது. அவ்வசதியை விரும்பிப் புதுப்பித்தவரின் கருவியில் பழைய வாயில் அடைபட்டது. சில வாரங்களுக்குள் வேறொரு வாயில் கண்டுபிடிக்கப்பட்டது. படங்களைக் காட்டும் பகுதியில் இருந்த ஒரு பிழையைப் பயன்படுத்தி, ஒரு படக்கோப்பின் வழியாகவே உள்ளே நுழைந்தனர். சோனி அதையும் அடைத்தது. கோட்டையும் முற்றுகையும் போன்று இப்போர் தொடர்ந்தது.

2006ஆம் ஆண்டில் 'டார்க் அலெக்ஸ்' என்னும் புனைபெயர் கொண்ட ஸ்பெயின் நாட்டு நிரலர் ஒருவர், புதிய பதிப்பின் வசதிகளையும் பழைய பதிப்பின் சுதந்திரத்தையும் ஒன்றாக இணைத்த மாற்று நிலைப்பொருளை வெளியிட்டார். அதுவரை ஆர்வலர் முன்னே ஒரு தர்மசங்கடம் இருந்தது. புதிதாக வந்த விளையாட்டு வட்டுகள், குறிப்பிட்ட பதிப்புக்குக் குறைந்த நிலைப்பொருளில் ஓட மறுத்தன. புதுப்பிக்கும் கோப்பையும் வட்டிலேயே சுமந்து வந்தன. புதுப்பித்தால் வாயில் அடைபடும். புதுப்பிக்காவிட்டால் புதிய விளையாட்டு ஓடாது. மாற்று நிலைப்பொருள் இச்சங்கடத்தைத் தீர்த்தது.

2007ஆம் ஆண்டு ஆகஸ்டில் அடுத்த அடி விழுந்தது. பழுதுபார்ப்பு நிலையங்களுக்கென்று சோனியே கருவிக்குள் ஒரு மறைவாயில் வைத்திருந்தது. மின்கலத்தில் பதிந்திருக்கும் எண், ஒரு குறிப்பிட்ட எண்ணாக இருந்தால் கருவி பழுதுபார்ப்பு நிலைக்குச் சென்றுவிடும். சாதாரண மின்கலத்தின் எண்ணையே மாற்றி அவ்வாயிலைத் திறக்கும் வழியை ஆர்வலர் கண்டனர். கிரேக்கப் பழங்கதையில் வரும் பெட்டியின் நினைவாக அதற்குப் 'பண்டோரா மின்கலம்' என்று பெயரிட்டனர். கோட்டைக்குள் வேலையாள்களுக்கென வைத்த சிறு கதவே முற்றுகையிட்டோர்க்கு வழியாயிற்று. 2008இல் வந்த புதிய வகைக் கருவிகளில் அக்கதவையும் சோனி அடைத்தது.

ஜொகூர் பாருவில் நாய்கள் வட்டுகளை மோந்து திரிந்த அதே ஆண்டில்தான் இது நிகழ்ந்தது என்பதைக் கருத வேண்டும். மாற்று நிலைப்பொருள் அமைந்த கருவிக்கு வட்டே வேண்டியதில்லை. விரல்நகம் போன்ற ஒரு நினைவட்டையில் பல விளையாட்டுகள் அடங்கிவிடும். அதற்கு மணமும் இல்லை, கிடங்கும் தேவையில்லை. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தின் வழியே சட்டைப்பையில் வைத்து எவரும் எடுத்துச் செல்லலாம். ஒளிவட்டுத் தொழிற்சாலைகளுக்கு உரிமம் வேண்டும் என விதித்த 2000ஆம் ஆண்டின் ஒளிவட்டுச் சட்டமும் அதனைத் தொட இயலாது. வட்டை நோக்கித் தொடுத்த போர் வெற்றி பெற்றுவந்த வேளையில், களவு வட்டை விட்டே குடிபெயர்ந்துவிட்டது.

களவு பெருகியதன் காரணங்களையும் வரலாறு மறைக்கக் கூடாது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அறிமுகமான விலை, ரிங்கிட்டில் ஊதியம் பெறும் குடும்பத்திற்குப் பெருஞ்சுமையாகும். நிண்டெண்டோவின் இணையக் கடையில் மலேசியா என்னும் நாட்டின் பெயர் நெடுங்காலம் இடம்பெறவில்லை. இங்குள்ளோர் வேற்று நாட்டார்போல் பதிந்துகொண்டே வாங்க வேண்டியிருந்தது. முறையாக வாங்க விரும்பியவருக்கும் கடைக்கதவு முழுமையாகத் திறக்கவில்லை. இவை களவை நியாயமாக்கா. ஆயினும், எளிய வழி அடைபட்ட இடத்தில் குறுக்கு வழி தோன்றும் என்பதை உணர்த்தும்.

திருத்தப் பதிப்புகள்

பேழைக் காலத்து விளையாட்டு, அச்சிட்ட நூல் போன்றது. பிழை இருந்தால் அப்பிழையோடு அது வாழும். இணையத்தோடு இணைந்த கருவிகள் வந்தபின் இந்நிலை மாறியது. விளையாட்டு வெளிவந்த நாளிலேயே அதற்குத் திருத்தமும் வந்துவிடுகிறது. பிழைகள் களையப்படுகின்றன, புதிய பகுதிகள் சேர்க்கப்படுகின்றன. வாங்கிய அட்டையில் இருப்பது முதற்பதிப்பு. திருத்தங்கள் எல்லாம் நிறுவனத்தின் சேமிப்பகத்திலிருந்து இறங்கிவருபவை.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தி அன்று. உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்புநோக்கினார். பின்னரும் ஏடுகள் கிடைத்தன. அடுத்த பதிப்புகளில் திருத்தங்கள் இடம்பெற்றன. ஆயினும் முதற்பதிப்பு மறைந்துவிடவில்லை. இன்றும் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் முதற்பதிப்பையும் பிற்பதிப்பையும் மேசைமீது விரித்து வைத்து, எது எங்கே மாறியது என்று காணலாம். பாட வேறுபாடு என்னும் துறையே அதனால் வாழ்கிறது.

விளையாட்டுக் கருவியில் அவ்வாறு காண இயலாது. திருத்தம் இறங்கியதும் பழைய பதிப்பு மறைந்துவிடும். 2023ஆம் ஆண்டு மே 12இல் நிண்டெண்டோவின் 'சுவிட்ச்' கருவிக்கு வெளிவந்த 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதில் பொருள்களை எண்ணற்ற அளவில் பெருக்கிக்கொள்ள இடந்தந்த ஒரு பிழையை ஆட்டக்காரர் கண்டுபிடித்தனர். அம்மாத இறுதிக்குள் வந்த திருத்தம் அதை நீக்கியது. பிழையையே விரும்பிய பலர், தம் கருவியைப் புதுப்பிக்காமல் பழைய பதிப்பைப் பிடித்து வைத்துக்கொண்டனர். ஒருவர் வேண்டாமென ஒதுக்கிய பாடம் மற்றொருவருக்கு வேண்டியதாயிருப்பது ஏட்டுச்சுவடிக் காலத்திலும் கண்டதே.

மாற்று நிலைப்பொருள் அமைத்த கருவியில் புதுப்பித்தல் இன்னும் கடினமான வேலையாகும். விளையாட்டின் புதிய திருத்தம், கருவியின் நிலைப்பொருளும் குறிப்பிட்ட பதிப்புக்கு உயர்ந்திருக்க வேண்டும் என்று கேட்கும். நிறுவனத்தின் நிலைப்பொருளை அவசரப்பட்டு உயர்த்தினாலோ, அதற்கு ஏற்ப இன்னும் திருத்தப்படாத மாற்று நிலைப்பொருள் நின்றுவிடும். எனவே மாற்று நிலைப்பொருளை எழுதும் தன்னார்வலர்கள் தம் பகுதியைச் செம்மை செய்யும்வரை காத்திருக்க வேண்டும். பிறகே நிலைப்பொருள், அதன் பிறகே விளையாட்டு. மூன்று அடுக்குகளும் ஒன்றோடொன்று இசைய வேண்டும். மேலும், ஒவ்வொரு சுவிட்ச் கருவிக்கும் தனித்த மின்னணுச் சான்று ஒன்று உண்டு. மாற்றம் கண்ட கருவியை நிறுவனம் அறிந்தால் அச்சான்றையே விலக்கிவிடும். அதன்பின் அக்கருவி இணையக் கடைக்குள் நுழைய இயலாது. ஊரைவிட்டு ஒதுக்கி வைத்தல் என்னும் பழைய தண்டனையின் புதிய வடிவம் இது.

சுவிட்ச் கருவியின் பூட்டு திறந்த கதையும் குறிப்பிடத்தக்கது. 2017ஆம் ஆண்டு மார்ச்சு 3இல் வெளிவந்த அக்கருவியின் சில்லில், மாற்ற முடியாதவாறு பொறிக்கப்பட்ட தொடக்க ஆணைகளிலேயே ஒரு பிழை இருந்தது. 2018 ஏப்ரலில் அது வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆலையில் பொறித்ததை இணையவழித் திருத்தத்தால் மாற்ற இயலாதாகையால், அதுவரை விற்ற கருவிகளில் அவ்வாயிலை அடைக்க நிறுவனத்தால் முடியவில்லை. 'அட்மாஸ்ஃபியர்' என்னும் மாற்று நிலைப்பொருள் அவ்வாயிலின் வழியே நுழைந்து பரவியது. மறுபுறம், சுவிட்ச் கருவியின் பூட்டைத் திறக்கும் பொருள்களை விற்று ஆதாயம் தேடிய குழுவினர் 2020இல் கைதாயினர். அவர்களுள் ஒருவருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்க நீதிமன்றம் 40 மாதச் சிறைத்தண்டனை விதித்தது.

சட்டம் சொல்வது

மலேசியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1987ஆம் ஆண்டுக்குரியது. அவ்வாண்டு டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தில் இலக்கிய ஆசிரியர்கள் கருதத்தக்க ஒன்று உள்ளது. கணினி நிரலை அது இலக்கியப் படைப்பு என்னும் வகையிலேயே சேர்த்துள்ளது. அதாவது, சட்டத்தின் பார்வையில் ஒரு நாவலும் ஒரு விளையாட்டின் நிரலும் ஒரே பந்தியில் அமர்கின்றன.

அச்சட்டத்தின் 40ஆம் பிரிவு, கணினி நிரலை முறையாகப் பெற்றவர், அசல் தொலைந்தாலோ சிதைந்தாலோ பயன்படுத்துவதற்காகக் காப்புப்படி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ள இடமளிக்கிறது. 2012ஆம் ஆண்டு மார்ச்சு 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் 36ஆம் பிரிவை அடுத்துத் தொழில்நுட்பப் பூட்டுகளைப் பற்றிய புதிய விதிகளைச் சேர்த்தது. படைப்பைக் காக்க இடப்பட்ட தொழில்நுட்பப் பூட்டை உடைத்தல் குற்றம் என்பது அவ்விதிகளின் சாரம். தனியே எழுதப்பட்ட நிரல் ஒன்று மற்றொரு நிரலோடு இசைந்து இயங்கச் செய்தல் போன்ற சில நோக்கங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்கல் விளங்கும். காப்புப்படி எடுக்கலாம் என்கிறது ஒரு பிரிவு. படியெடுக்க வேண்டுமெனில் பூட்டைத் திறக்க வேண்டும். பூட்டைத் திறக்கலாகாது என்கிறது மற்றொரு பிரிவு. வீட்டிலுள்ள நெல்லை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் குதிரின் மூடியைத் தொடக் கூடாது என்பது போன்றது இது.

இச்சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. ஆஸ்திரேலியாவில் பிளேஸ்டேஷன் கருவிக்குள் மாற்றுச் சில்லைப் பொருத்திக் கொடுத்த ஒருவர்மீது சோனி தொடுத்த வழக்கில், 2005ஆம் ஆண்டு அக்டோபரில் அந்நாட்டு உயர்நிலை மன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அக்கருவியின் தடை, நகல் எடுப்பதைத் தடுக்கவில்லை. எடுத்த நகல் ஓடுவதையே தடுக்கிறது. ஆகவே அன்றைய சட்டம் கூறிய காவல் முறை அதுவன்று என்பது மன்றத்தின் கருத்து. அடுத்த ஆண்டே அந்நாடு சட்டத்தைத் திருத்திக்கொண்டது. கருவியை விலைகொடுத்து வாங்கியவன் எதை வாங்கினான் என்னும் வினாவுக்கு உலகம் ஒருமித்த விடையை இன்னும் காணவில்லை.

கடை அடைத்த பின்

வினா மேலும் கூர்மையாகும் இடம் ஒன்று உண்டு. நிறுவனம் கடையை அடைத்துவிட்டால் என்ன ஆகும்?

சோனி நிறுவனம் 2021 மார்ச்சில் தன் பழைய கருவிகள் மூன்றின் இணையக் கடைகளை மூடப்போவதாக அறிவித்தது. ஆட்டக்காரரின் எதிர்ப்பு எழுந்ததும் அடுத்த மாதமே இரண்டு கடைகளைக் காப்பாற்றிக்கொண்டு, பி.எஸ்.பி.யின் விற்பனையை மட்டும் அவ்வாண்டு ஜூலையில் நிறுத்தியது. நிண்டெண்டோ, 2011இல் வெளிவந்த '3டி.எஸ்.' கருவியின் இணையக் கடையில் விற்பனையை 2023 மார்ச்சு 27இல் நிறுத்தியது. முன்பு வாங்கியதை மீண்டும் இறக்கிக்கொள்ள மட்டும் இடம் வைத்தது. இணையத்தில் மட்டுமே வெளிவந்து, அட்டையிலோ வட்டிலோ வராத விளையாட்டுகளைப் புதிதாக வாங்க அன்றுமுதல் வழியில்லை.

அமெரிக்காவின் நிகழ்பட விளையாட்டு வரலாற்று அறக்கட்டளை 2023 ஜூலையில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று அது கண்டது. நூலகங்கள் இத்தகைய விளையாட்டுகளை ஆராய்ச்சியாளருக்குத் தொலைவிலிருந்தே காட்ட இசைவு கேட்டபோது, 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் அதற்கு இணங்கவில்லை. இந்நிலையில் மறைந்துபோன விளையாட்டுகளையும், அவற்றுக்கு வந்த திருத்தங்களையும், பதிப்பு வாரியாகத் திரட்டிப் பேணுவோர் பலர் பூட்டைத் திறந்த ஆர்வலர்களே. செல்லரித்த ஏடுகளைப் பரண்களிலிருந்து இறக்கியவர்களின் நினைவு இங்கே எழுவது இயல்பு.

பூட்டைத் திறந்ததால் விளைந்த வேறொரு நன்மையையும் கூற வேண்டும். 2006இல் ஜப்பானில் மட்டும் வெளியான 'மதர் 3' என்னும் கையடக்கக் கருவி விளையாட்டை, எந்த நிறுவனமும் ஆங்கிலத்தில் தரவில்லை. ஆர்வலர் குழு ஒன்று ஊதியமின்றி உழைத்து 2008இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. மொழி என்னும் நோக்கில் இது சிந்திக்கத்தக்கது. 1980களின் கணினியைச் செய்தவர்கள் தமிழை நினைத்துப் பார்க்கவில்லை. ஆயினும் அக்கணினி திறந்த கருவியாக இருந்தமையால், மலேசியரான முத்து நெடுமாறன் 1985இல் அதன் திரையில் தமிழைத் தோன்றச் செய்ய முடிந்தது; முரசு பிறந்தது. கணினி அன்று இன்றைய விளையாட்டுக் கருவிபோல் பூட்டப்பட்டிருந்தால், செய்தவர் மனமிரங்கும்வரை தமிழ் வாயிலில் காத்து நின்றிருக்கும்.

படைத்தவரின் பங்கு

இதுவரை கூறியவற்றால் பூட்டைத் திறப்பதெல்லாம் நன்றே என்று கொள்ளலாகாது. வழக்கின் மறுபுறத்தையும் கேட்க வேண்டும். முற்கூறிய 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' விற்பனைக்கு வருமுன்னரே களவாக வெளிப்பட்டு, 10 லட்சம் முறைக்குமேல் இறக்கப்பட்டது என்று நிண்டெண்டோ 2024இல் தொடுத்த வழக்கில் கூறியது. ஆறு ஆண்டு உழைப்பின் கனி, சந்தைக்கு வருமுன்பே சூறையாடப்பட்டது. பெருநிறுவனம் அவ்விழப்பைத் தாங்கும். சிறுகுழு தாங்குமா?

கனடாவின் டொராண்டோ நகரில் 'விசை கேம்ஸ்' என்னும் சிறு குழு ஒன்று உண்டு. அது 2023ஆம் ஆண்டு ஜூலை 31இல் சுவிட்ச் உள்ளிட்ட கருவிகளுக்கு ஒரு விளையாட்டை வெளியிட்டது. அதன் பெயர் 'வெண்பா'. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதை அது. வெண்பா என்னும் தாய், தன் அன்னையின் சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு சமைக்கிறாள். அழிந்த வரிகளில் என்ன இருந்திருக்கும் என்று ஊகித்து, இட்டலி முதலான உணவுகளை மீட்டெடுப்பதே ஆட்டம். தாய்மொழி தேய்ந்துவரும் மகனுக்கும் தாய்க்கும் இடையிலான இடைவெளியே அதன் உள்ளீடு. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் சிறந்த முதற்படைப்புக்கான விருதை அது வென்றது.

சிதைந்த ஏட்டை மீட்பதைப் பற்றிய அந்தத் தமிழ்ப் படைப்பையே பூட்டு உடைத்த கருவியில் காசின்றி இறக்கி ஆடும் மாணவன், எவரிடமிருந்து எடுக்கிறான்? தன் வீட்டுக் கதையைத் தன்னைப் போன்ற ஒருவர் சொன்னதற்கு உரிய கூலியையே எடுக்கிறான். அடுத்த படைப்பு வெளிவராமல் போனால் அதில் அவனுக்கும் பங்குண்டு. அதே வேளையில், என்றோ ஒருநாள் அக்கடையும் அடைபட்டு, அக்கருவியும் பழுதாகி, 'வெண்பா'வை ஆட ஒருவருக்கும் வழியில்லாமற் போகுமானால், அதை எங்கோ பத்திரமாகப் படியெடுத்து வைத்தவரைத் தமிழுலகம் திருடர் என்று அழைக்குமா?

ஒரே செயல், ஒரே திறவுகோல், ஒரே நகல். காலமும் நோக்கமும் உரிமையும் மாறும்போது அதன் பெயரும் மாறுகிறது. விற்பனையில் உள்ள படைப்பை விலை கொடாமல் எடுத்தல் களவு. விலைகொடுத்து வாங்கியதற்குக் காப்புப்படி வைத்தல் உரிமை. கைவிடப்பட்டதைப் பேணுதல் பாதுகாப்பு. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதும் சட்டம் செப்பமடைய வேண்டியுள்ளது. தேசிய நூலகமும் பல்கலைக்கழகங்களும் நூல்களைப் பேணுவதுபோல் இத்தகைய படைப்புகளையும் பதிப்பு வாரியாகப் பேண உரிமை பெறுமானால், இப்பணியை மறைவில் செய்ய வேண்டிய நிலை எவருக்கும் ஏற்படாது.

சட்டம் செப்பமடையும்வரை வகுப்பறைக்கு ஒரு கடமை உண்டு. உரையாசிரியரின் பெயரைச் சுட்டாமல் அவர் கருத்தை எழுதுவது தவறு என்று தமிழ்ப்பாட வேளையில் கற்பிக்கப்படுகிறது. ஏடு தேடி அலைந்தவர்களின் தொண்டும் அதே வேளையில் கற்பிக்கப்படுகிறது. படைத்தவருக்குரிய மதிப்பு, படைப்பைக் காக்கும் பொறுப்பு ஆகிய இவ்விரு பாடங்களையும் மாணவன் தன் கையிலுள்ள கருவியோடு பொருத்திப் பார்க்கக் கற்றுக்கொடுத்தால் போதும். ஜொகூர் பாருவுக்கு வந்த நாய்கள் தம் கடமையைச் செம்மையாகச் செய்து, 2007 ஆகஸ்டில் பதக்கமும் பெற்றன. அசலையும் நகலையும் பிரித்தறியும் வேலை மட்டும் அன்றும் அவற்றுக்கு உரியதாக இருக்கவில்லை. அது கற்றவரின் வேலை.